காவல்காரனுக்குக் கண் திறந்த வரலாறு

2002ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான ‘ஹிட்மேன் 2: சைலன்ட் அசாசின்’ என்ற வீடியோ விளையாட்டில் கோலாலம்பூருக்கும் ஓர் இடம் உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இயங்கும் ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கிய அந்த ஆட்டத்தில் மூன்று கட்டங்கள் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்குள் நடக்கின்றன. கோபுரத்தின் திறப்பு விழா முடிந்து அப்போது மூன்றே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அந்நாளைய மலேசியச் சிறுநகரங்களில் கணினி விளையாட்டு என்றால் சைபர் காஃபேயும், பாசார் மாலாமில் சில ரிங்கிட்டுக்குக் கிடைத்த திருட்டு வட்டும்தான்; அந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்தவென்றே 2000இல் ஒளிவட்டுகளுக்கான தனிச் சட்டம் வந்தது. மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், பெம்பான் வட்டாரத்தில் தோட்ட லயங்களை விட்டு மலிவுவிலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் கணினியின்முன் உட்காரத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். 2000 நவம்பரில் வந்த முதல் பாகமான ‘ஹிட்மேன்: கோட்நேம் 47’ கணினிக்கு மட்டும் வெளியானது. இரண்டாம் பாகமோ பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் கருவிகளுக்கும் வந்ததால், முதலாவதைப் பார்க்காமலே இரண்டாவதைக் கையில் எடுத்தவர்கள் ஏராளம். அவர்கள் விளையாடிய அந்த நல்ல ஆட்டம் எதைத் திருத்தி நல்லதானது என்று கேட்டால், பதில் அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. இருபதாண்டுக் கைத்தொழில் ஒன்றின் வரலாறு அதற்குள் இருக்கிறது.

பதுங்கிச் செல்வதையே ஆட்டமாக்கிய விளையாட்டுகளில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: மறைந்து போகிறவன், காவல் காக்கிறவன். விளம்பரமும் அட்டைப்படமும் எப்போதும் மறைந்து போகிறவனையே காட்டும். அவனுடைய கத்தி, கறுப்பு அங்கி, மழித்த தலை இவற்றைத்தான் நாமும் நினைவில் வைத்திருக்கிறோம். என்னுடைய வாதம் காவல்காரன் பக்கம் இருக்கிறது. இந்த வகையில் ஒரு தொடர்ச்சி தன் முன்னோடியை மிஞ்சிய ஒவ்வொரு முறையும், நாயகனுக்குப் புதிய வலிமை கிடைத்ததைவிடக் காவல்காரனுக்குப் புதிய அறிவு கிடைத்ததே காரணமாக இருந்திருக்கிறது. அவனுக்குக் காது வந்தது, சந்தேகம் வந்தது, ஞாபகம் வந்தது. அதோடு, அவன் மனத்தில் இப்போது என்ன ஓடுகிறது என்பதை ஆட்டக்காரன் படித்துக்கொள்ள ஒரு வழியும் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்தே வரவேண்டும். அறிவுள்ள காவலன், ஆனால் அவன் மனம் நமக்குத் தெரியாது என்றால் அது எரிச்சல். மனம் தெரிகிறது, ஆனால் அறிவில்லாதவன் என்றால் அது சலிப்பு.

தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம். 1981இல் அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த மியூஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்துக்காக சைலஸ் வார்னர் என்பவர் ஆப்பிள் 2 கணினியில் ‘காசில் வூல்ஃபென்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தை எழுதினார். நாஜிக்களின் கோட்டையில் சிறைப்பட்ட ஒருவன் போர்த் திட்டங்களைத் திருடிக்கொண்டு தப்ப வேண்டும். காவலனின் சீருடையைப் போட்டுக்கொண்டால் சாதாரணக் காவலர்கள் ஏமாறுவார்கள், எஸ்எஸ் படையினர் ஏமாற மாட்டார்கள். அந்தக் காலத்துக்கு இதுவே பெரிய சிந்தனை. ஆனாலும் அந்தக் காவலனின் உலகத்தில் இரண்டே நிலைகள்: ஒன்று, நம்மைப் பார்க்கவில்லை; மற்றது, பார்த்துவிட்டான், சுடுகிறான். 1984இல் வந்த தொடர்ச்சியான ‘பியாண்ட் காசில் வூல்ஃபென்ஸ்டைன்’ இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியைத் திறந்தது. காவலன் நம்மைக் கூப்பிட்டு நிறுத்தி அனுமதிச் சீட்டைக் கேட்பான். சரியான சீட்டைக் காட்டினால் விடுவான். கையில் பணம் இருந்தால் லஞ்சமும் வாங்கிக்கொள்வான். சத்தமில்லாமல் கொல்ல ஒரு குத்துவாளும் தொடர்ச்சியில் சேர்ந்தது உண்மைதான், ஆனால் அது ஆட்டத்தை மாற்றவில்லை. கேள்வி கேட்கும் காவலன்தான் மாற்றினான். பார்க்கப்படுவதற்கும் பிடிபடுவதற்கும் இடையே ஒரு சில நொடிகள் உண்டு என்பதையும், அந்த நொடிகளில்தான் மனித நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பதையும் முதன்முதலில் கண்டுகொண்ட ஆட்டம் இது.

மலாயாத் தமிழர்களுக்கு அந்த நொடிகள் நன்றாகவே தெரியும். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு அடையாள அட்டை வந்தது. காட்டுக்குள் இருந்த கெரில்லாக்களுக்கு உணவு போய்ச்சேரக் கூடாது என்பதற்காகப் பால்மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிக்கும் வழக்கமும் வந்தது. குற்றமே செய்யாதவர்களும் விடியலில் அந்த வாசலைக் கடக்கும்போது காவலரின் முகத்தைப் படித்தே கடந்தார்கள். 1953 செப்டம்பர் 3ஆம் நாள் நாட்டிலேயே முதன்முதலாகக் கெடுபிடி தளர்த்தப்பட்ட ‘வெள்ளைப் பகுதி’யாக மலாக்காவின் ஒரு பகுதிதான் அறிவிக்கப்பட்டது. விளையாட்டையும் அந்த வாழ்க்கையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் பால்டிமோரில் ஒருவர் 1984இல் கண்டுகொண்ட நுட்பம் எவ்வளவு உண்மையானது என்பதற்கு அந்த வாசல்கள் சாட்சி.

அடுத்த உதாரணம் ஜப்பானிலிருந்து. இதை நான் இந்த வாதத்தின் மிக வலுவான சான்றாகக் கருதுகிறேன். 1987இல் கோனாமி நிறுவனத்தில் ஹிடியோ கோஜிமா ‘மெட்டல் கியர்’ ஆட்டத்தை எம்எஸ்எக்ஸ் 2 கணினிக்கு உருவாக்கினார். அந்தக் கணினியால் ஒரே நேரத்தில் நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் திரையில் தாங்க முடியாது என்பதால், சண்டை ஆட்டமாகத் தொடங்கியதை ஒளிந்துபோகும் ஆட்டமாக அவர் மாற்றிக்கொண்டார். குறையிலிருந்து பிறந்த அருமையான யோசனை. ஆனால் அந்தக் காவலர்கள் மூக்குக்கு நேரே மட்டும் பார்ப்பார்கள்; ஓரடி விலகி நின்றாலும் கண்ணில் படமாட்டோம். சாதாரண எச்சரிக்கை என்றால் அடுத்த திரைக்கு ஓடிப்போனதும் மறந்துவிடுவார்கள். ஆட்டம் வெற்றி பெற்றது. அதன்பின் 1990இல் அதற்கு ஒன்றல்ல, இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. முதலாவது ‘ஸ்னேக்ஸ் ரிவெஞ்ச்’. கோஜிமாவின் பங்கே இல்லாமல், மேற்கு நாடுகளின் சந்தைக்காக நின்டெண்டோ கருவிக்குச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் ஓடும் கட்டங்களும் அதிகச் சண்டையும் அதில் சேர்ந்தன. இப்படியொன்று தயாராவதை அதில் வேலை செய்த சக ஊழியர் ஒருவர் மூலம் ரயிலில் கேள்விப்பட்ட கோஜிமா, தானே எழுதிய தொடர்ச்சிதான் ‘மெட்டல் கியர் 2: சாலிட் ஸ்னேக்’. அதில் காவலர்கள் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அவர்களுடைய பார்வை விரிந்த கோணமாகிவிட்டது. நடக்கும் சத்தம் அவர்களுக்குக் கேட்கிறது. ஒரு திரையிலிருந்து மறு திரைக்குப் பின்தொடர்ந்து வருகிறார்கள். பார்வையிலிருந்து மறைந்த பிறகும் சிறிது நேரம் தேடிவிட்டுத்தான் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். இவ்வளவு கெட்டிக்காரக் காவலனுக்கு ஈடாக ஆட்டக்காரனுக்கு ஒரு ரேடார் தரப்பட்டது; சுற்றியுள்ள திரைகளில் யார் எங்கே நகர்கிறார்கள் என்பதை அது காட்டும். மண்டியிடவும் தவழவும் நாயகன் கற்றுக்கொண்டது இந்தக் காவலர்களுக்குத் தப்புவதற்காகத்தான். ஒரே மூலத்திலிருந்து ஒரே ஆண்டில் இரு கிளைகள்: ஒன்று நாயகனின் கையை வலுப்படுத்தியது, மற்றது காவலனின் புலன்களை. இன்று வரலாற்றில் ஒரு மைல்கல்லாக நிற்பது இரண்டாவது. அந்த ஆட்டம் ஜப்பானில் மட்டுமே வெளியானதால் பல ஆண்டுகள் உலகத்தால் அதைப் பார்க்கவே முடியவில்லை. 2006 வாக்கில்தான் அதிகாரபூர்வ ஆங்கில வடிவம் கிடைத்தது. 1998இல் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த ‘மெட்டல் கியர் சாலிட்’ புதுமை என்று கொண்டாடப்பட்டபோது, அதில் பாதிக்கு மேற்பட்ட நுட்பங்கள் எட்டு வயதானவை என்பது பலருக்குத் தெரியாமல் போனதும் இதனால்தான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். கணினி வேகமாகிக்கொண்டே போகிறது. பின்னால் வருவது முன்னால் வந்ததைவிட நன்றாக இருப்பதில் என்ன வியப்பு, அது பொறியின் வளர்ச்சிதானே என்று கேட்கலாம். பிற வகை ஆட்டங்களில் இந்தக் கேள்விக்கு வலு உண்டு. கார்ப் பந்தயமும் கால்பந்தும் திரை தெளிவானதாலேயே பாதி மேம்பட்டன. ஆனால் நான் சொன்ன இரண்டு இணைகளையும் பாருங்கள். வூல்ஃபென்ஸ்டைன் இரண்டும் ஒரே ஆப்பிள் 2 கணினியில் ஓடின. மெட்டல் கியர் இரண்டும் ஒரே எம்எஸ்எக்ஸ் 2இல் ஓடின. பொறி மாறவில்லை. மாறியது, காவல்காரன் என்பவன் யார் என்ற எண்ணம். மூன்றாவதாக வரும் ‘தீஃப்’ இணையும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் 1998 இறுதியில் ‘தீஃப்: தி டார்க் பிராஜெக்ட்’ ஆட்டத்தையும், 2000 மார்ச்சில் ‘தீஃப் 2: தி மெட்டல் ஏஜ்’ ஆட்டத்தையும் ஒரே மென்பொருள் அடித்தளத்தின் மேல் கட்டியது.

தீஃப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காவலனின் மனத்தை நமக்குத் திறந்து காட்டும் கலையில் அதுவே பள்ளிக்கூடம். திரையின் அடியில் ஒரு மணிக்கல். நாம் எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறோமோ அவ்வளவு அது பிரகாசிக்கும். மங்கினால் நாம் இருட்டில் இருக்கிறோம். கம்பளத்தின் மேல் நடந்தால் சத்தமில்லை, உலோகத்தின் மேலும் கல்தளத்தின் மேலும் நடந்தால் அறை முழுக்கக் கேட்கும். தீப்பந்தத்தை நீர் அம்பால் அணைக்கலாம், தரையில் பாசி அம்பு எய்து காலடியை மெத்தென்று ஆக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், காவலர்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்வது. ஏதோ சத்தம் கேட்டது என்று முணுமுணுப்பார்கள், தேடுவார்கள், ஒன்றுமில்லை என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்புவார்கள். அந்த முணுமுணுப்பு கதைக்கான அலங்காரமாக எழுதப்பட்டது போலத் தோன்றும். உண்மையில் அது ஆட்டக்காரனுக்கான தகவல் பலகை. இப்படிப்பட்ட முதல் பாகத்தைத் தொடர்ச்சி எப்படி மிஞ்ச முடியும்? முதல் பாகத்தில் பேய்களும் நடமாடும் பிணங்களும் பூதங்களும் நிறைந்த கட்டங்கள் பல இருந்தன. பிணத்துக்கு மனம் இல்லை, முணுமுணுப்பு இல்லை. அங்கே பதுங்கும் கலை வீணாகி, ஓடுவதும் வெட்டுவதும் மிஞ்சியது. தொடர்ச்சி அவற்றைப் பெருமளவு குறைத்து, மனிதக் காவலர்களையும், நகரத்தையும், கண்காணிப்புக் கண்களையும், இயந்திரக் காவலாளிகளையும் கொண்டுவந்தது. கூரைமேல் கூரையாகத் தாவி நகரின் குறுக்கே ஒரு கோபுரத்தை அடையும் கட்டம் இன்றும் இந்தக் கலையின் உச்சங்களில் ஒன்று. முதல் பாகத்தின் மர்மமும் பயமும் தொடர்ச்சியில் கரைந்துவிட்டன என்று வருந்துவோர் உண்டு, அந்த வருத்தத்தில் நியாயமும் உண்டு. கதைச்சூழலில் முதலாவதே ஆழமானது. நான் பேசுவது ஆட்டத்தைப் பற்றி. தொடர்ச்சி வெளியான இரண்டே மாதங்களில், 2000 மே மாதம், லுக்கிங் கிளாஸ் மூடப்பட்டது. தன் தொழிலின் மிகத் தெளிவான படைப்பைக் கொடுத்துவிட்டு ஒரு பட்டறை அணைந்துபோனது இந்தத் துறையின் பெரிய இழப்பு.

அந்த ஆண்டின் இறுதியில்தான் கோபன்ஹேகனிலிருந்து கோட்நேம் 47 வந்தது. ஐஓ இன்டராக்டிவ் தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தீஃப் நிழலில் மறைந்தது. ஹிட்மேன் கூட்டத்தில் மறைந்தது. வெளிச்சத்தில், எல்லார் கண் முன்னாலும், பிறர் உடையை அணிந்து நடந்து போகலாம் என்பதே அதன் பெரிய எண்ணம். ஹாங்காங் உணவகங்களும் புடாபெஸ்ட் விடுதியும் ரோட்டர்டாம் துறைமுகமும் அதற்கு அருமையான களங்களாயின. கொலம்பியக் காட்டில் மட்டும் அந்த எண்ணத்துக்கு வேலையே இல்லை. அங்கே நாயகன் வெறும் துப்பாக்கிக்காரனாகிவிட்டான். ஆனால் உண்மையான குறை காட்டில் இல்லை. மாற்றுடையில் ஒரு காவலனைக் கடக்கும்போது அவன் நம்மை நம்புகிறானா, சந்தேகிக்கிறானா, அடுத்த நொடி சுடப்போகிறானா என்று அறிய எந்த அடையாளமும் இல்லை. தவறு எங்கே நடந்தது என்றே தெரியாமல் சாவோம். இடையில் சேமிக்கவும் முடியாது. அரைமணி நேரம் பொறுமையாகச் செய்த வேலை ஒரே நொடியில் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும். கற்றுக்கொள்ள வழியில்லாத தண்டனை அது.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த தொடர்ச்சி முதலில் திருத்தியது இதைத்தான். திரையின் மூலையில் சந்தேகமானி ஒன்று வந்தது. காவலன் நம்மைக் கவனிக்கத் தொடங்கினால் அது எகிறும், விலகினால் தணியும். மாற்றுடை என்பது போட்டதும் காக்கும் கவசமாக இல்லாமல், நடத்தையால் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்றாகியது. அந்த உடைக்குரியவன் ஓடமாட்டான் என்றால் நாமும் ஓடக் கூடாது. அவன் ஏந்தாத ஆயுதத்தை ஏந்தக் கூடாது. காவலனின் மூக்குக்கு அருகே போய் நிற்கக் கூடாது. இடைச்சேமிப்பு வந்தது, அதுவும் அளவோடு: சாதாரண நிலையில் ஏழு, அடுத்ததில் இரண்டு, கடைசி நிலையில் ஒன்றுமில்லை. கதவைத் திறக்குமுன் சாவித்துளை வழியாகப் பார்க்கலாம், கொல்லாமல் மயக்கமருந்தால் சாய்க்கலாம். கட்ட முடிவில் எவ்வளவு சத்தமில்லாமல், எவ்வளவு வன்முறையில்லாமல் முடித்தோம் என்று மதிப்பீடு வரும். இலக்கைத் தவிர ஏறக்குறைய யாரையும் கொல்லாமல் முடிப்பவனுக்கே உயர்ந்த பட்டம். சிசிலி மாளிகையில் நடக்கும் முதல் கட்டத்தைப் பார்த்தாலே எல்லாம் விளங்கும். தபால்காரனாகப் போகலாம், மளிகைச் சாமான் கொண்டுவரும் பையனாகப் போகலாம், காவலர்களில் ஒருவனாகவே போகலாம். ஒவ்வொரு உடைக்கும் மாளிகைக்குள் ஒவ்வொரு எல்லை. வீட்டுக்குள் மனிதர்கள் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள், அந்த வேலைகளின் இடுக்கில்தான் வழி இருக்கிறது. கோலாலம்பூர்க் கட்டங்களில் கோபுரத்தின் அடித்தளத்துக்குள் போக பீட்சா கொண்டுவரும் பையனின் உடை உதவுகிறது. ஜெஸ்பர் கிட் புடாபெஸ்ட் இசைக்குழுவைக்கொண்டு அமைத்த இசை இந்த மெதுவான நடைக்குக் கம்பீரம் தந்தது.

இந்தத் தொடர்ச்சியைக் குறைசொல்பவர்களின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. காவலர்களின் சந்தேகம் அளவுமீறியது என்பது அவர்கள் சொல்லும் குறை, அது உண்மை. ஜப்பான் பனிமலைக் கட்டங்களில் சரியான உடையில், சரியான வேகத்தில் நடந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நடந்து நடந்தே சலித்துப்போகும் பெருவெளிகள் அவை. ஆனால் இந்தக் குறை என் வாதத்தைக் கெடுக்கவில்லை, கூர்மைப்படுத்துகிறது. மானி இருந்தும், அது ஏன் எகிறுகிறது என்று புரியாத இடங்களில்தான் ஆட்டம் தோற்கிறது. காவலன் அறிவாளியாகியும் அவன் காரணம் நமக்கு மறைந்திருந்தால் கோட்நேம் 47இன் அதே இருட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். நிறுவனமே தன் தீர்ப்பை 2004இல் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு வந்த ‘ஹிட்மேன்: கான்ட்ராக்ட்ஸ்’ ஆட்டத்தின் கட்டங்களில் ஏறக்குறைய பாதி, கோட்நேம் 47இன் ஹாங்காங், புடாபெஸ்ட், ரோட்டர்டாம் களங்களையே எடுத்து, இரண்டாம் பாகத்தின் விதிகளில் மறுபடியும் கட்டியவை. இடங்கள் நல்லவை, கண்கள்தாம் மாறவேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் தேவையில்லை.

உடையால் மறைவது என்ற எண்ணத்தை ஜாசின் வட்டாரத்துத் தோட்ட வரலாற்றை வைத்துப் பார்த்தால் இன்னொரு கதவு திறக்கிறது. மலாயாவில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்ட முன்னோடி டான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பிறகு இதே ஜாசின் மாவட்டத்தின் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் அமைத்தார். அந்தத் தோட்டங்களை நிரப்பிய தமிழர்கள் பெரும்பாலும் கங்காணி முறையில் வந்தவர்கள். தோட்டத்தில் உடையே பதவி: துரைக்கு ஓர் உடை, கிராணிக்கு ஓர் உடை, மண்டோருக்கு ஒன்று, பால்வெட்டுகிறவர்களுக்கு ஒன்று. யார் பங்களா வாசல்வரை போகலாம், யார் ஆபீஸ் படியோடு நிற்க வேண்டும், யார் நிரையை விட்டு அகலக் கூடாது என்பதை உடையே சொல்லிவிடும். துரையின் பார்வையில் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், நின்றவர்கள் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்கள். ஆனால் கங்காணி அப்படியில்லை. தன் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்துக் கப்பலேற்றி வந்தவன் அவன். ஒவ்வொருவரின் ஊர், தகப்பன் பெயர், சாதி, கடன் எல்லாம் அவனுக்குத் தெரியும். உதவிப் பயணமாகத் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திய பிறகும், தோட்டத்தில் முகம் அறிந்த அந்தக் கண் நீடித்தது. ஒருவன் பிறர் உடையில் அந்தத் தோட்டத்துக்குள் நுழைந்திருந்தால் துரையைக் கடந்திருக்கலாம். கங்காணியைக் கடந்திருக்க முடியாது. உடையைப் பார்க்கும் கண் ஒன்று, ஆளைப் பார்க்கும் கண் வேறொன்று.

ஹிட்மேன் தொடர் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளப் பதினாறு ஆண்டுகள் ஆயின. கோட்நேம் 47இன் காவலர்கள் பெரும்பாலும் துரையின் கண்ணால் பார்த்தார்கள். இரண்டாம் பாகத்தில் எல்லார் கண்ணிலும் சிறிது சந்தேகம் சேர்ந்தது. 2012இல் வந்த ‘அப்சல்யூஷன்’ எதிர்முனைக்குப் போனது: ஒரே சீருடை அணிந்த ஒவ்வொருவனும் நம்மைச் சந்தேகித்தான். போலீஸ் உடை போட்டால் நகரத்துப் போலீஸ்காரர் அத்தனை பேரும் ஆபத்து. மாற்றுடை என்ற எண்ணமே கிட்டத்தட்டச் செத்துவிட்டது, ரசிகர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். முந்தையதைவிட அறிவுள்ள காவலன்தானே, பிறகேன் தோற்றது என்று என் வாதத்தை இங்கே மடக்கலாம். அங்கே கூடியது அறிவு என்று நான் நினைக்கவில்லை. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும் என்பது அறிவீனம். 2016இல் வந்த ‘ஹிட்மேன்’ இதைச் சரிசெய்தது. ஒவ்வொரு இடத்திலும் குறிப்பிட்ட சிலர் மட்டுமே நம் மாற்றுடையைக் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் தலைக்கு மேல் ஒரு வெண்புள்ளி தெரியும். பெரும்பாலும் அவர்கள் மேற்பார்வையாளர்கள், தம் கீழ் வேலை செய்பவர்களை முகமறிந்து வைத்திருப்பவர்கள். சமையற்கூடத்துத் தலைமைச் சமையற்காரர் தன் ஆட்களை அறிவார், வாசல் காவலனை அறியமாட்டார். கங்காணியின் கண்ணை விளையாட்டு ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டது. அது யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதையும் நமக்குக் காட்டிவிட்டது. 2002இல் தொடங்கிய திருத்தம் முழுமையடைந்தது இங்கேதான் என்று சொல்வேன்.

இவ்வளவு புகழ்ந்த இரண்டாம் பாகத்தில் ஒரு பெரிய பிழையும் உண்டு, அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அதன் இந்தியக் கட்டங்களில் பஞ்சாபின் பொற்கோவிலை நினைவூட்டும் ஒரு கோவில் வருகிறது. அதற்குள் தலைப்பாகை கட்டிய சீக்கியர்களைக் கொலைசெய்யும்படி ஆட்டம் அமைந்திருந்தது. 1984இல் பொற்கோவிலில் நடந்த இராணுவ நடவடிக்கையை மறக்காத ஒரு சமூகத்துக்கு இது எத்தகைய காயம் என்பதை கோபன்ஹேகனில் யாரும் யோசிக்கவில்லை. உலகெங்கும் சீக்கியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வெளியீட்டாளரான ஐடோஸ் மன்னிப்புக் கேட்டு, ஆட்சேபத்துக்குரியவற்றை மாற்ற முன்வந்தது. விளையாட்டுதானே, இதற்குப் போய் வருத்தமா என்பது பலர் சொன்ன பதில். காவலனின் மனத்துக்கு இத்தனை நுணுக்கம் கொடுத்த ஒரு படைப்பைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. சிசிலியில் சமையற்காரருக்கும் தபால்காரனுக்கும் ஒரு நாள் வாழ்க்கையைத் தந்தவர்கள், ஆசியாவுக்கு வந்ததும் மனிதர்களைச் சுடுவதற்கான உருவங்களாக ஆக்கிவிட்டார்கள். கோலாலம்பூருக்கும் கிட்டத்தட்ட அதுவே நேர்ந்தது. கோபுரம் இருக்கிறது, மின்தூக்கி இருக்கிறது, காவலர்கள் இருக்கிறார்கள். வெளியே ஒரு தெருவில்லை, ஓர் ஒட்டுக்கடையில்லை, மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் கலந்து நடக்கும் நடைபாதை இல்லை. அந்தக் கட்டங்களை உலகின் எந்தப் பெருநகருக்கும் பெயர்த்து வைத்துவிடலாம்.

இந்தக் குறையைப் போக்கும் முயற்சி 2018இல் வந்தது. அப்போது ஐஓ இன்டராக்டிவ் தன் உரிமையாளரான ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனத்திடமிருந்து பிரிந்து தனித்து நின்று ஓராண்டு ஆகியிருந்தது. ‘ஹிட்மேன் 2’ என்று மறுபடியும் பெயரிட்ட அந்த ஆட்டத்தில் மும்பை ஒரு முழுக் கட்டமாக வந்தது. சலவைத்தொழிலாளர், தையற்காரர், முடிதிருத்துபவர், படப்பிடிப்புக் குழுவினர் என்று தொழில் செய்யும் மக்கள் நிறைந்த தெருக்கள். அங்கே கொல்லப்பட வேண்டிய மூவரில் ஒருவனான குற்றக்கும்பல் தலைவனின் முகம் யாருக்கும் தெரியாது, ஆட்டக்காரனுக்கும் தெரியாது. கூட்டத்துக்குள் நின்று, பேச்சைக் கேட்டு, நடமாட்டத்தைக் கவனித்து, அவன் யாரென்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். முப்பத்தேழு ஆண்டுகளாகக் காவலன் செய்துவந்த வேலை அங்கே நம் கைக்கு மாறுகிறது. சந்தேகிப்பவனாக, முகம் தேடுபவனாக அந்தத் தெருக்களில் நடக்கும்போது அங்குள்ள ஒவ்வொருவரையும் ஆளாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த மும்பையிலும் மிகையும் வழக்கமான சித்திரங்களும் உண்டு. ஆனால் 2002இன் கோவிலோடு வைத்துப் பார்த்தால் பயணித்த தூரம் பெரியது. இதற்குப் பிறகு வந்த பாகத்தில் துபாயும் பெர்லினும் சோங்சிங்கும் வந்தன. மலேசியா இன்னும் திரும்பி வரவில்லை. வருமானால் அது கோபுரத்தின் அடித்தளமாக இருக்கத் தேவையில்லை. மெர்லிமாவ் போன்ற ஒரு சிறுநகரத்தின் சந்தைநாள் மாலை போதும். அங்கே அந்நியன் ஒருவன் கடைக்காரர் உடையில் நின்றால் எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள் என்ற கணக்கை எழுதுவதே அந்த வடிவமைப்பாளருக்குப் போதுமான சவாலாக இருக்கும்.